தீப்பெட்டியில் ஒரு கண்ணாடி

“இதக் கழட்டணும்க்கா” என்று யார் எதைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தாலும் அக்கா முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

“வச்சவன் இன்னாத்துக்கு வச்சான்?”

வைத்தவன் என்றால் கேமராவைச் செய்தவன். அவன் ஏதோ ஒரு தேசத்தில் இருக்கிறான். நான் திருவொற்றியூர் தேரடியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் சந்தில், அக்கா வீட்டு முன்னறையில், கால் ஆடும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் மனசில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒன்பதாவதோடு நின்றவன். வீட்டுக் கஷ்டத்தால் நின்றேன் என்று சொல்லிக்கொண்டால் மரியாதையாக இருக்கும். நிஜம் என்னவென்றால், கணக்குப் பரீட்சைக்குப் பயந்து எனக்கு வயிற்றுவலி வந்தது. பரீட்சை முடிந்தது, வலியும் நின்றது. நான்தான் திரும்பப் போகவில்லை.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் என்று போட்டோ எடுத்துப் பிழைக்கிற எங்களுக்குக் கேமரா மக்கர் செய்தால் அக்காதான் கதி. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டியிருப்பார். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்த பழக்கம் அது. கேமராவைத் திறந்துவிட்டால் தூசி பறக்கக் கூடாது என்று ஃபேனை நிறுத்திவிடுவார். சித்திரை வெயிலில் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேர்வைதான் கவலையாக இருக்க வேண்டும். எனக்குத் தும்மல்தான் கவலை. தும்மிவிடுவேனோ என்று நினைத்தாலே எனக்குத் தும்மல் வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு சந்துக்கு ஓடுவேன். அங்கே போனால் வராது. திரும்பி வந்து உட்கார்ந்தால் வரும்.

“நைனா, நீ வெளியவே நில்லு. உன் மூக்கு, உன் பயம் ரெண்டுத்துக்கும் இந்த ரூம்ல எடம் இல்ல” என்பார் அக்கா.

ஒருமுறை ஒரு ஸ்டூடியோக்காரர் தன் கேமராவைத் திரும்ப வாங்க வந்தார். மேலே திருகுகிற வட்டத்துக்கு அடியில் யாரோ எப்போதோ நாலாக மடித்த பஸ் டிக்கெட் ஒன்றைச் சொருகி வைத்திருந்ததாகவும், அதை அப்படியே விட்டுவிட்டதாகவும் அக்கா சொன்னார். ஸ்டூடியோக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னாக்கா, கேமராக்குள்ள பஸ் டிக்கெட்டு. அதப் பாத்துட்டும் மூடி வச்சிகீறியா?”

“எட்த்தா ஆடும்பா.”

“பஸ் டிக்கெட்டுலயா கேமரா ஓடுது? கழட்டிக் கெடாசுக்கா.”

“நான் கெடாச மாட்டேன். உனுக்கு வேணும்னா நீ எடு. ஆனா டிக்கெட்டத் தூக்கிப் போடாத, சொல்ட்டேன்.”

அவர் அங்கேயே அக்காவின் இடுக்கியை வாங்கி அதைப் பிடுங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீராப்பாகப் போனார். மறுநாள் காலையில் நான் போனபோது அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் அந்த டிக்கெட். அக்கா ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே சொருகினார். கேலி பேசியிருந்தால்கூட அந்த மனிதருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கடலோரத்தில் கொட்டியிருக்கும் கருங்கல்லைப் பற்றி நான் ஒருநாள் புலம்பினேன். கல்யாண ஜோடியை நிறுத்தி எடுக்கலாம் என்றால் எங்கே பார்த்தாலும் பாறை, கால் வைக்க இடமில்லை, எடுத்துப் போட்டால் என்ன என்று. அக்கா தலையைத் தூக்காமல் சொன்னார்: “எட்த்துப் போட்டா நீ ஜோடிய நிறுத்தவே வேணாம், நைனா. கடலே உன் ஸ்டூடியோக்கு வந்துரும்.”

இவ்வளவுக்கும் அவர் எதையும் மாற்ற விடாத பிடிவாதக்காரர் இல்லை. காரணம் தெரிந்துவிட்டால், அது இனி வேண்டாத காரணம் என்றும் தெரிந்துவிட்டால், கூசாமல் கழற்றி எறிவார். தெரியாமல் கை வைப்பதுதான் அவருக்கு ஆகாது. அவருடைய இடது கைச் சுண்டுவிரலில் மேல் கணு இருக்காது. நானாகக் கேட்டதில்லை. கேட்டு, அவர் அழுதுவிட்டால் என்ன செய்வது என்ற கவலை எனக்கு. ஒருநாள் திருகாணி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். “மிசின் முன்னால ஒரு தகடு இருந்துச்சி. சும்மாதான கீது, வேலைக்கு எடஞ்சலா கீதுன்னு ஒருத்தன் கழட்டி ஓரமா வச்சான்.” அவ்வளவுதான். திருகாணி கிடைத்துவிட்டது.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் போய், என் கேமராவுக்குள் படம் விழுகிற சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன்.

அதற்குக் காரணம் எங்கள் தெருமுனையில் புதிதாக வந்த ஸ்டூடியோ. அவன் எடுக்கும் படத்தில் கல்யாணப் பெண்ணின் இமைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஜனங்கள் செல்போனில் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “இன்னாண்ணா, உன் போட்டோல மட்டும் கண்ணு மப்பா கீது?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்போன் வீடியோ ஒன்றில் ஒருவர் பேசினார். கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் ஒரு ஃபில்டர் கண்ணாடி வைத்திருக்கிறார்கள், அது படத்தை வேண்டுமென்றே லேசாக மழுங்கடிக்கிறது, புதிதாக வரும் சில மாடல்களில் அதைத் தூக்கிவிட்டார்கள் என்றார். வேண்டுமென்றே! அந்த ஒரு சொல் போதாதா? இத்தனை வருஷமாக என் கேமராவுக்குள் எவனோ உட்கார்ந்து என் பிழைப்பை மழுங்கடித்துக்கொண்டிருக்கிறான் என்று தோன்றிவிட்டது.

அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் வீடியோவில் கேட்டதைச் சொன்னேன்.

“மழுக்கறான், சரி. இன்னாத்துக்கு மழுக்கறான்?”

“அது... அதுவரைக்கும் நான் பாக்கலக்கா.”

அக்காவே சொன்னார். பொடிசாகப் பின்னியது, நெருக்கமாகக் கோடு கோடாக இருப்பது, இப்படி எதையாவது எடுக்கும்போது, அதில் இல்லாத அலை ஒன்று படத்தில் வந்துவிடும். அது வராமலிருக்க, உள்ளே வரும் வெளிச்சத்தை அந்தக் கண்ணாடி ஒரு மயிரளவு கலைத்துவிடுகிறது. அதனால் கொஞ்சம் கூர்மை குறையத்தான் செய்யும்.

“மூஞ்சி, மரம், மலைன்னா அது தேவையே இல்ல. எடுத்துட்டா நல்லாதான் இர்க்கும். துணி, கம்பி, ஷட்டர்னா வேணும். நீ எத அதிகமா புடிக்கிற?”

“மூஞ்சிக்கா. நான் இன்னா கொசுவலையா புடிக்கப் போறேன்?” என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது.

“மெய்யாலுமா?”

“மெய்யாலுமே மூஞ்சிதான்.”

அக்கா ஃபேனை நிறுத்தினார். நான் சந்துக்குப் போனேன். எடுத்த கண்ணாடிக்குப் பதிலாக, ஃபோகஸ் மாறாமலிருக்க அதே கனத்தில் வெறும் கண்ணாடி ஒன்றை வைத்து மூடினார்.

கவலைக்காரன் சும்மா விடுவேனா? சோதித்துப் பார்த்தேன். ராயபுரம் ஸ்டேஷனில் தூண்களை எடுத்தேன். மனைவியை எடுத்தேன், இமை எண்ண முடிந்தது. பின்னியது என்றாரே என்று காசிமேடு போய் மலைபோல் குவித்திருந்த மீன்வலைகளை எடுத்தேன். எங்கள் ஊரில் பிறந்தவனுக்குப் பின்னியது என்றால் வேறு எது ஞாபகம் வரும்? ஒவ்வொரு கண்ணியும் கத்திபோல் விழுந்தது, அலையும் இல்லை, ஒன்றும் இல்லை. மீன்வலையின் கண்ணிக்குள் என் கட்டைவிரலே போகும், அதை வைத்துப் பொடிசைச் சோதிக்கிறேனே என்று எனக்குத் தோன்றவில்லை. பாஸாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் நானே வைத்து நானே எழுதிய ஒரே பரீட்சை அது.

அடுத்த வாரம் ராயபுரத்தில் ஒரு மாதா கோயில் கல்யாணம். பெண்ணின் அப்பா விசைப்படகுகளுக்கு இன்ஜின் பார்க்கிறவர். முதல் நாளே என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

“தம்பி, ஆல்பம் கீல்பம்லாம் அவங்கம்மா பாத்துப்பா. எனக்கு ஒரே ஒரு போட்டோ போதும். த பாரு என் கைய.” விரித்துக் காட்டினார். ரேகை எல்லாம் கருப்பாக இருந்தது. “கிரீஸு. இன்னா சோப்பு போட்டாலும் போவாது. பொண்ணு தலைல போட்ற நெட்டு, அந்த வெள்ள வலத்துணி, வூட்டுக்கு வந்து பத்து நாளாவுது. கறை ஆயிடும்னு என்னத் தொடவே வுடல. கோயில்ல அவள மாப்ள கைல குடுக்கசொல்லோ, மூஞ்சி மேல கீற நெட்ட நான்தான் தூக்கி வுடணும். ஒரு தபாதான். அத மட்டும் வுட்றாத.”

“வுடவே மாட்டேண்ணா” என்றேன்.

விடவில்லை. பீடத்துக்கு முன்னால் அவர் இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துவிட்டு, நெட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கியபோது என் கேமரா விடாமல் அடித்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டேன். பெண்ணின் நெற்றியிலிருந்து தாடைவரை பச்சையும் ரோஸுமாக அலை அலையாக வளையங்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதக்கிற தண்ணீர் மாதிரி. திரை அழுக்கு என்று துடைத்தேன். பெரிதாக்கினால் அலை வேறு மாதிரி நெளிந்தது. சிறிதாக்கினால் இன்னும் கொழுத்தது. கலரை எடுத்தேன், சாம்பல் அலை மிச்சம் நின்றது. அதையும் தேய்த்தால் பெண்ணின் கன்னமே போனது. எட்டிப் பார்த்த என் மனைவி, “ஐயையோ, பொண்ணுக்கு அம்மை வார்த்துகீதா?” என்று கேட்டாள்.

இமை மட்டும், சத்தியமாக, எண்ணும்படி இருந்தது.

மறுநாள் அக்கா வீட்டுக்குச் சண்டை போடுகிற மாதிரித்தான் போனேன். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. வசனங்களை ஒத்திகை பார்க்க நேரம் இருந்தது. உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

“நீ ஏன்க்கா என்னிய தடுக்கல?” இதுதான் வாயில் வந்தது. அழுகிற குரலில் வந்தது.

அக்கா படத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த கொசுவலைத் துண்டு இரண்டைக் கொண்டுவந்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்து லேசாகத் திருப்பினார். இரண்டுக்கும் நடுவில் பெரிய பெரிய அலைகள் ஓடின.

“இந்த அலை எந்தத் துண்டுல கீது?”

பிரித்துப் பார்த்தேன். “ரெண்டுத்துலயும் இல்ல.”

“உன் சென்சாரும் ஒரு வல மாதிரிதான். கட்டம் கட்டமா கீது. அது முன்னால அதே அளவுல நெட்டு வந்தா இப்டித்தான். நடுவுல இருந்த கண்ணாடியத்தான் நாம எட்த்துட்டோமே.”

“அப்ப படத்துல கீறது பொய்யா?”

“பொய்தான். நல்லா ஷார்ப்பான பொய்.”

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. “தப்பு எம்மேலயும் கீது, நைனா. நான் மாதா கோயில் கல்யாணம் ஒண்ணுகூடப் பாத்ததில்ல. நீ மூஞ்சின்ன. மூஞ்சி மேல இன்னா போடுவாங்கன்னு நான் கேக்கல. ஊருக்கே கேள்வி கேட்டுகினு கீறேன், அத கேக்கல பாரு.” குட்டைச் சுண்டுவிரலை மற்ற கையால் பிடித்துக்கொண்டிருந்தார். ஃபேன் நின்றே இருந்தது. எனக்குத் தும்மல்கூட வரவில்லை.

“இது ஒண்ணுதான் புடிச்சியா? வேற கேமரா இல்ல?”

இருந்தது. என்னுடைய பழைய கேமரா எப்போதும் என் இன்னொரு தோளில் தொங்கும். எப்போதோ ஒரு மெமரி கார்டு செத்துப்போன நாளிலிருந்து, முக்கியமான எதையும் அதிலும் ஓரிரண்டு அடித்துவைப்பேன். மனைவி அதற்குத் திருஷ்டிப் பூசணி என்று பெயர் வைத்திருக்கிறாள். அதிலிருக்கும் படங்களை நான் திறந்து பார்ப்பதுகூட இல்லை.

“அது சும்மா பயத்துக்கு வச்சிகீறதுக்கா.”

“பயத்துக்கு வச்சிகீறியே, அதுல அந்தக் கண்ணாடி கீதா?”

“கீது. அத நீ கழட்டலியே.”

“அப்பறம் இன்னாத்துக்கு அழுவற? கார்ட எடு.”

மூன்று படங்கள் இருந்தன. முதலாவதில் என் விரல். இரண்டாவதில் ஒரு பாட்டுக்காரப் பெண்ணின் முதுகு. மூன்றாவது கொஞ்சம் சாய்ந்திருந்தது, கொஞ்சம் மழுங்கியிருந்தது. ஆனால் நெட்டு நெட்டாக இருந்தது. பால் ஆவிபோல வெள்ளையாக மேலே எழும்பியிருக்க, அதற்கடியில் பெண் தன் முகத்துக்கு முன்னால் வந்த அந்தக் கையைப் பார்க்கிறாள். கருத்த கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரத்தைப் பிடித்திருக்கின்றன. அப்பா முதலில் பிடித்து நழுவவிட்ட இடத்தில், வெள்ளையின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் தடம்.

கண்ணாடி எடுத்த கேமராவின் படத்தில் அது எங்கே என்று தேடினோம். அலைக்குள் போயிருந்தது.

“கறை ஆயிட்ச்சிக்கா! அவங்கம்மா கொன்னுடும். இரு, இத ஒரு நிமிசத்துல அழிச்சிர்லாம்” என்று மவுஸைப் பிடித்தேன்.

அக்கா கேட்கவில்லை. வழக்கமான அந்தக் கேள்வியை அன்று அவர் கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார். கேள்வி தானாக எனக்குள் வந்தது. மவுஸை விட்டேன்.

பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டிக் கொண்டுபோய்ப் பெண்ணின் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் ஹாலில் நின்று, கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். நான் கதவுக்குப் பக்கத்தில், ஓடுவதற்கு வசதியாக நின்றிருந்தேன். கண் மப்பாக இருக்கிறது என்பாரா, ஏன் சாய்ந்திருக்கிறது என்பாரா, பதில்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“கறை ஆயிட்ச்சா, தம்பி?” என்றார் மெதுவாக.

சமையலறையிலிருந்து வந்த அவர் மனைவி படத்தைப் பார்த்து, “நான் அப்பவே சொன்னன்ல, தொடாத தொடாதன்னு” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா தன் கட்டைவிரலை எடுத்துச் சட்டத்துக் கண்ணாடிமேல், அந்தத் தடத்தின் மேலேயே வைத்தார். எடுத்தபோது அங்கே இன்னொரு தடம் இருந்தது. அதை யாரும் துடைக்கவில்லை.

அன்று சாயங்காலமே அக்காவிடம் ஓடி, அந்தக் கண்ணாடியைத் திரும்ப வைத்துவிடுங்கள் என்றேன்.

“எட்த்தது இன்னாத்துக்கு?” என்றார். எதிர்பார்க்கவில்லை.

“இமைக்கு.”

“இமை வந்துச்சா இல்லியா?”

“வந்துச்சி.”

“அப்ப அந்தக் கேமரா மூஞ்சிக்கு இர்க்கட்டும். பழசு நெட்டுக்கு இர்க்கட்டும். திருப்பித் திருப்பித் தொறந்தா தூசிதான் மிச்சம்.” கழற்றிய கண்ணாடியைப் பஞ்சில் சுற்றி ஒரு தீப்பெட்டியில் வைத்து என் கையில் கொடுத்தார். “உன்னுது. நீயே வச்சிக்க.”

கொஞ்ச வருஷத்தில் அக்கா மாத்தூர்ப் பக்கம் வீடு மாறிப் போனார். விலாசம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். குறித்த காகிதம் தொலைந்துவிடும் என்று பயந்து பத்திரமான இடத்தில் வைத்தேன். அந்த இடம் எது என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போது வரும் கேமராக்கள் பலவற்றில் அந்தக் கண்ணாடியே இல்லை. சென்சாரின் புள்ளிகள் அவ்வளவு பொடிசாகிவிட்டதால் அலை அடிப்பது குறைவு என்கிறார்கள். நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன். அருமையாக இருக்கிறது. ஆனால் கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் போவது பெண்ணின் முகத்துக்கு அல்ல, தலையில் என்ன போட்டிருக்கிறார்கள் என்பதற்குத்தான். திருஷ்டிப் பூசணி இன்னும் தோளில் தொங்குகிறது.

போன வாரம் மனைவி என் பையைத் தலைகீழாகக் கொட்டிச் சுத்தம் செய்தாள். தீப்பெட்டியைத் திறந்து, பஞ்சைப் பிரித்து, கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அந்தக் கேமராவே செத்துப் பல வருஷம் ஆகிறது. இது இனி எதிலும் பொருந்தாது.

“இத இன்னாத்துக்கு வச்சிகீற?”

யோசித்தேன். மெய்யாகவே யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

“தெரியல” என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பஞ்சில் சுற்றி, தீப்பெட்டியை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.